கடனுக்கு ‘உதவி’ என்று பெயரா?

அமெரிக்காவில் ஒரு பையன் கல்லூரியில் சேர மனுப் போடுகிறான். இடம் கிடைக்கிறது. பின்னாலேயே கல்லூரியிலிருந்து இன்னொரு கடிதம் வருகிறது. “உனக்கு இவ்வளவு டாலர் உதவி கிடைக்கும்” என்று அதில் கண்டிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்!

கடிதத்தை நிதானமாகப் படித்தால்தான் சங்கதி புரியும். அந்தத் தொகையில் ஒரு பகுதிதான் இனாம். இன்னொரு பகுதி, வேலை செய்து வாங்கவேண்டிய சம்பளம். மீதி? கடன்! ஆம், வட்டியோடு திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன்!

கடன் கொடுப்பது தப்பு அல்ல. 1957-ல் ரஷ்யா ‘ஸ்புட்னிக்’கைப் பறக்கவிட்டது. படிப்பில் பின்தங்கிவிட்டோமோ என்று அமெரிக்கா பதறியது. மறு ஆண்டே மாணவர்களுக்குச் சர்க்கார் கடன் கொடுக்கச் சட்டம் வந்தது. 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் உயர் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கே தெரியுமா? தாம் படித்த சான் மார்கோஸ் கல்லூரியில்! ஏழை வீட்டுப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் படித்தது இதனால்தான்.

இனாமும் உண்டு. ‘பெல்’ உபகாரச் சம்பளம் என்று பெயர். 2025-26-ம் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். திருப்பித் தரவேண்டியது இல்லை. இதற்கும் கடனுக்கும் ‘பாப்சா’ என்ற ஒரே பாரம்தான். அதில் பெற்றோரின் வருமானத்தை எழுதவேண்டும். பாரத்துக்குக் காசு கிடையாது. காசு கேட்பவனிடம் போகக்கூடாது.

வட்டி செய்யும் வேலை

கடனிலும் இரண்டு ரகம். ஒன்றில், படிக்கும் வரை வட்டியைச் சர்க்காரே ஏற்றுக்கொள்ளும். மற்றதில், பணம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முதல் ஆண்டில் 2,000 டாலர் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஆறரை வட்டி என்றால் ஆண்டுக்கு 130 டாலர். படிப்பு நாலு ஆண்டு. அதன்பின் ஆறு மாதத் தவணை. முதல் காசு கட்டுமுன் வட்டி மட்டும் 585 டாலர்!

இந்தக் கடன் லேசில் விடாது. மஞ்சள் கடுதாசி கொடுத்தாலும் போகாது. கட்டவே வழியில்லை என்று கோர்ட்டில் தனியாக நிரூபிக்கவேண்டும். பைடன் சர்க்கார் ஆளுக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி செய்யப் பார்த்தது. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு “அதிகாரம் இல்லை” என்று சொல்லிவிட்டது. இன்று 4 கோடிக்கும் அதிகமான பேர் இந்தக் கடனில் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கடனை ‘உதவி’ என்று எழுதுவது நியாயமா? மளிகைக் கடைக்காரர் கூடப் பற்றுக் கணக்கைத் தர்மக் கணக்கில் எழுதமாட்டார்! அமெரிக்க காங்கிரசுக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம், 2022-ல் இந்தக் கடிதங்களை ஆராய்ந்தது. கையிலிருந்து எவ்வளவு ஆகும் என்பதை நூற்றுக்கு 91 கல்லூரிகள் சொல்லவில்லை. அல்லது குறைத்துச் சொல்லின. சில கடிதங்களில் பெற்றோர் பெயரில் வாங்கவேண்டிய கடனும் ‘உதவி’யாகவே வருகிறது. அதற்கு வட்டியும் கூடுதல். கடனைத் தனியாகக் காட்டு என்று கல்லூரிகளுக்குச் சட்டமே போடவேண்டும்.

இங்கிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்தச் சர்க்கார் பணம் எதுவும் கிடையாது. அங்கே பிரஜையாகிவிட்ட தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. கடிதம் வந்ததும் அப்பா ஒரு பேனா எடுக்கட்டும். கடன் என்று உள்ள வரிகளை எல்லாம் அடித்துவிட்டு, அப்புறம் கூட்டிப் பார்க்கட்டும்.