இலக்கு விற்பனையிலா, வசூலிலா?

புதுக்கணக்கு போடும்போது, "இந்த ஆண்டு வியாபாரத்தைப் பெருக்க வேண்டும்" என்று நம்மில் பலரும் உறுதி எடுக்கிறோம். அது ஆசைதான், இலக்கு ஆகாது.

நானும் ஒருமுறை விற்பனையை ஒன்றரை மடங்காக்குவது என்று முடிவு செய்தேன். ஆக்கியும் விட்டேன். ஆனால் கூடுதலாக விற்ற சரக்கெல்லாம் கடனில் போயிருந்தது. தீபாவளிப் பருப்புக் கொள்முதலுக்கு வட்டிக்குப் பணம் வாங்க நேர்ந்தது. வந்த லாபம் வட்டிக்கே சரியாகப் போயிற்று.

இலக்கு என்றால் தொகை, தேதி, பொறுப்பாளர் மூன்றும் வேண்டும். பேரேட்டில் பாக்கி 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 12 வாரத்தில் 80,000 ஆகக் குறைப்பது இலக்கு. அப்படியானால் வாரம் 10,000 குறைய வேண்டும். அந்த வாரம் புதிதாக 5,000க்குக் கடன் கொடுத்தால், வசூல் 15,000 ஆக வேண்டும். வசூலுக்குப் போவது தாங்களா, மகனா, கணக்குப் பிள்ளையா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். சனிக்கிழமைதோறும் கடை அடைக்கும் முன் பேரேட்டைப் புரட்டுங்கள்.

கண்டிப்பாகக் கேட்டால் வாடிக்கை போய்விடும் என்பார்கள். பணம் தராத வாடிக்கை போனால் நஷ்டம் யாருக்கு?

கல்லாவுக்கு வந்ததே வியாபாரம், நோட்டில் நிற்பதல்ல.