மின்பிறப்பாக்கி வாய்ப்பூட்டாகலாமா?

பேராதனைப் பாலத்தின் கீழ் மகாவலி ஓடுகின்றது. அதற்கு மேலே கொத்மலை; கீழே பொல்கொல்லையும் விக்டோரியாவும். நாட்டுக்கே மின்சாரம் வழங்கும் ஆற்றங்கரையில் வாழ்வோர் வீட்டுக்கு வீடு மின்பிறப்பாக்கி தேடி அலைய நேர்ந்ததே, இது யார் குற்றம்?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் நாடு இருண்டது. டொலர் இல்லை; ஆதலால் டீசல் இல்லை; ஆதலால் மின்சாரமும் இல்லை. வசதி படைத்தோர் மின்பிறப்பாக்கி வாங்கினர். கண்ட பயன் யாது? அதே மாதத்தில் கலன்களில் எரிபொருள் விற்பது தடுக்கப்பட்டது. மின்பிறப்பாக்கி தன் காலால் நடந்து சென்று வரிசையில் நிற்குமா? நாட்டுக்கு இல்லாத எண்ணெய் நம் வீட்டுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. மணிக்கு ஒரு லீற்றர் குடிக்கும் யந்திரத்தை ஐந்து மணி நேரம் ஓட்ட 2,350 ரூபா வேண்டும். அந்நாளில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோ 1,000 ரூபா! ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலையை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றி, லயன் அறையின் குப்பி விளக்குக்கும் உலை வைத்தனர்.

வாங்கவே வேண்டாமென்று நாம் கூறவில்லை. இன்சுலினைக் குளிரில் காக்க வேண்டியவருக்கும், கிணற்று நீரை நம்பிய கமக்காரருக்கும் அது தேவையே. ஆனால் தேவையை அளந்து வாங்குங்கள். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. நீரிறைக்கும் மோட்டாரோ கிளம்பும் கணத்தில் அதைப் போல் பன்மடங்கு இழுக்கும். அதற்குப் போதிய யந்திரம் போதும்; வீடு முழுவதற்குமான பெரிய யந்திரம், இரண்டு விளக்குக்காக ஓடினாலும் எண்ணெயை விழுங்கும். நாலு வீட்டார் கூடி ஒன்றை வாங்கி முறை வைத்து நீரிறைப்பது இன்னும் நன்று. பெற்றோலை மாதக்கணக்கில் பதுக்காதீர்கள்; அது கெடும், தீயையும் அழைக்கும். வீட்டினுள்ளோ விறாந்தையிலோ யந்திரத்தை ஓட்டாதீர்கள்; அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமின்றிக் கொல்லும். மாற்று ஆளி இல்லாமல் வீட்டுக் கம்பியில் இணைத்தால், மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பி, அங்கே பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கும்.

2025 பெப்ரவரி 9இல் நாடு மீண்டும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததே காரணம் என்றார் அமைச்சர். ஒரு குரங்கு தீண்டியதும் ஒரு நாடே இருளுமாயின், குற்றவாளி குரங்கா? அந்நாளில் டொலருக்குப் பஞ்சமில்லை. வலுவான மின்கட்டமைப்புக்கே பஞ்சம்!

கற்றோரே, கமக்காரரே! வீட்டில் விளக்கு எரிகின்றதென்று வாளாவிருப்போமாயின், ஆள்வோர் விரும்புவது அதனையே நாம் செய்தவராவோம். வலுவான மின்கட்டமைப்பைக் கேட்போம். பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களைக் கேட்போம். லயன் அறைக்கும் தடையற்ற மின்சாரம் கேட்போம். மின்பிறப்பாக்கியின் இரைச்சலில் நம் குரல் அமுங்கிவிடலாகாது!