பண்பாட்டுக் காவலும் பதினாறாம் உறுப்புரையும்

இலங்கை அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் குடிமக்களின் அடிப்படை உரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து வந்து, 16ஆம் உறுப்புரையில் அவற்றுக்கு ஒரு பூட்டையும் போட்டுவிடுகிறது. 1978இல் அந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்துவந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் யாவும், அடிப்படை உரிமைகளுடன் முரண்பட்டாலும், தொடர்ந்து செல்லுபடியாகும் என்பதே அவ்வுறுப்புரையின் சாரம். இந்திய அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையோ, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுடன் முரண்படும் அளவுக்கு வெற்றானவை என்று கூறுகிறது. அதனால்தான் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தால், வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலுறவைத் தண்டிப்பதிலிருந்து தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை விலக்க முடிந்தது. கொழும்பு நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. இங்கே பழைய சட்டமொன்று வெளியேற வேண்டுமானால் அதற்குரிய வாசல் பாராளுமன்றம் ஒன்றே. அந்த வாசலில்தான் பண்பாட்டின் பெயரால் பேசும் அரசியல்வாதிகளும் சமயத் தலைவர்களும் காவல் இருக்கின்றனர்.

அவ்வாறு காவல் காக்கப்படும் சட்டங்களுள் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய இரு பிரிவுகள் முதன்மையானவை. முந்தியது ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உடலுறவுக்குப் பத்தாண்டு வரையிலான சிறையையும், பிந்தியது ‘பாரதூரமான இழிசெயல்’ என்று தெளிவாக வரையறுக்கப்படாத ஒரு குற்றத்துக்கு இரண்டாண்டு வரையிலான சிறையையும் விதிக்கின்றன. 1883இல் பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட இக்கோவை 1995இல் திருத்தப்பட்டபோது, 365அ பிரிவில் ‘ஆண்’ என்றிருந்த சொல் ‘ஆள்’ என்று மாற்றப்பட்டது. அதுவரை ஆண்களை மட்டும் தண்டித்துவந்த பிரிவு அன்றிலிருந்து பெண்களையும் தண்டிக்கலாயிற்று. பாலினச் சமத்துவம் இந்நாட்டில் இத்தனை விரைவாகக் கைகூடிய சட்டம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. திருநங்கையரைப் பொறுத்தவரை, 1841ஆம் ஆண்டின் அலைந்துதிரிவோர் கட்டளைச் சட்டமும் பொலிசாரின் கையில் உள்ளது.

இச்சட்டங்கள் வெள்ளைக்காரன் விட்டுச்சென்றவை, ஆகவே அவற்றைத் தமது பண்பாடு என்று காப்பது நகைப்புக்குரியது என்ற வாதம் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அது உண்மைதான், ஆயினும் அந்த வாதத்தை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. பாராளுமன்றமும் வெளியிலிருந்து வந்ததே. வத்தளையிலும் நீர்கொழும்பிலும் ஞாயிறுதோறும் ஒலிக்கும் ஆலய மணி போர்த்துக்கேயர் காலத்தின் தொடர்ச்சி. ஆனால் அந்த வழிபாடு இன்று இம்மண்ணுக்கே உரியதன்று என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். ஒரு சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அது இன்று யார் மீது விழுகிறது, அதனை வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துவோர் அதனால் எதைப் பெறுகின்றனர் என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் ஆட்சிக்காலத்தைவிடத் தெளிவான விடையில்லை. 2015 டிசம்பரில் பாடகர் என்ரிக் இக்லேசியஸ் கொழும்பில் நடத்திய இசை நிகழ்ச்சியில் சில பெண்கள் நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்த அவர், அப்பெண்களை அடிக்கவேண்டும் என்று தாம் சொல்லவில்லை என்றும், நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்களையே திருக்கை வாலால் அடிக்கவேண்டும் என்றும் பேசினார். 2018 ஜனவரியில், பெண்களுக்கு மது விற்பதையும் மது விற்குமிடங்களில் அவர்களை வேலைக்கு அமர்த்துவதையும் தடுத்த 1979ஆம் ஆண்டு மதுவரி அறிவித்தலை நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி மூலம் நீக்கியபோது, அவ்வர்த்தமானியின் மை உலருமுன்னரே, தைப்பொங்கலன்று நடந்த கூட்டமொன்றில், அதனை மீளப்பெறுமாறு பணித்துவிட்டதாக ஜனாதிபதி அறிவித்தார். உள்ளூராட்சித் தேர்தலுக்கு அப்போது நான்கு வாரங்கள்கூட இருக்கவில்லை. நத்தார் கேக்குக்கு வேண்டிய பிராந்தியை வாங்க வத்தளைக் குடும்பத் தலைவி ஒருத்தி கணவனையோ மகனையோ கடைக்கு அனுப்பவேண்டும் என்று கோரும் அவ்விதி நடைமுறையில் பெரும்பாலும் மீறப்பட்டே வந்தது; மீறப்படும் விதியையும் ஏட்டில் இருத்திவைப்பதில்தான் அரசியல் இலாபம் கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில், அரசியலமைப்பு நெருக்கடியின் நடுவே, தமது அரசியல் எதிரிகளை ‘வண்ணத்துப்பூச்சிகள்’ என்று, தன்பாலீர்ப்பாளரை இழித்துரைக்கச் சிங்களத்தில் வழங்கும் சொல்லால், மேடையில் ஏளனம் செய்தவரும் அவரே. பெண்ணின் கையிலுள்ள கிண்ணத்தையும் பிறர் படுக்கையறையையும் இத்தனை கவனத்தோடு நோக்கிய அந்த ஆட்சிக்கு, 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துசேர்ந்த தற்கொலைத் தாக்குதல் எச்சரிக்கைகளை நோக்க நேரம் இருக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறான ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலமும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயமும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும், கொழும்பு விடுதிகளும் தகர்க்கப்பட்டு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலிரு ஆலயங்களுக்கும் இடையில் அமைந்தது வத்தளை. கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து இங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், இந்துக்களும் கத்தோலிக்கருமாக, செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் செல்வதை இன்றும் விடவில்லை. ஆகவே கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் பற்றி இவ்வூரில் எழுதும்போது நன்றியுணர்வைத் தவிர்த்து எழுதுதல் நேர்மையாகாது. தாக்குதலுக்குப் பிந்திய நாட்களில் பழிவாங்கலைத் தடுத்து, முஸ்லிம் மக்கள் மீது கைவைக்கக்கூடாது என்று தம் மந்தையிடம் மன்றாடியவர் அவர். ஆட்சிகள் மாறியபோதும் உண்மையைக் கோரும் குரலைத் தாழ்த்தாதவரும் அவரே.

ஆனால் அதே கர்தினால், 2018 செப்டெம்பரில், மனித உரிமைகள் மேற்குலகின் புதிய மதமாகிவிட்டன என்ற கருத்தை வெளியிட்டார்; மங்கள சமரவீர அதனை வெளிப்படையாக மறுத்துரைத்தார். நான்காண்டுகள் செல்லுமுன், 2022 மார்ச்சில், கர்தினால் ஜெனீவாவுக்குச் சென்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையில் உயிர்த்த ஞாயிறுப் படுகொலைக்கு நீதி கேட்டுப் பேசினார். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அதே மண்டபத்தை நோக்கிச் சென்றபோது, தென்னிலங்கை மேடைகளில் அது நாட்டைக் காட்டிக்கொடுத்தலாக வருணிக்கப்பட்டதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காகச் சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்ததும் எவ்வழியால்? நிறைவேற்று அதிகாரத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் நேரடியாக உயர் நீதிமன்றத்தை நாட இடமளிக்கும் 126ஆம் உறுப்புரையின் வழியால். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்ற அடிப்படையில். 2018இல் மது விற்பனைத் தடைக்கு எதிராக நீதிமன்றம் சென்ற பெண்கள் பற்றிநின்றதும் சமத்துவம் பற்றிய அதே உறுதிமொழியைத்தான். மேற்குலகின் மதம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட அந்த மொழியே கொச்சிக்கடையின் இறந்தோருக்குப் பேசக் கிடைத்த மொழி. அதனைத் தம் மக்களுக்கு வேண்டும் என்று கேட்பவர், வேறொருவருக்கு அது வேண்டாம் என்று சொல்லும்போது, எந்த அடிப்படையில் கோடு கிழிக்கிறார் என்பதை விளக்கும் கடமை அவரைச் சாரும்.

2025 செப்டெம்பரில், தன்பாலீர்ப்புப் பயணிகளை வரவேற்கும் திட்டமொன்றுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஆதரவுக் கடிதம் வழங்கியது தெரியவந்தபோது எழுந்த கண்டனத்திலும் கர்தினாலின் குரல் முன்னின்றது. சுற்றுலா வருமானத்துக்காக ஒரு நாடு எதையும் செய்யலாமா என்று கேட்பது நியாயமான கேள்வியே. சொல்லப்போனால், வெளிநாட்டுப் பயணியை வரவேற்றுவிட்டு உள்நாட்டுக் குடிமகனைக் குற்றவாளியாக வைத்திருக்கும் கொள்கை முற்போக்காளரும் எதிர்க்க வேண்டிய ஒன்று. எனினும் பாவம் என்பதும் குற்றம் என்பதும் இரு வேறு சொற்கள்: முன்னையது மனச்சாட்சிக்கும் ஆயனுக்கும் உரியது, பின்னையது பொலிசுக்கும் சிறைக்கும் உரியது. இந்த வேறுபாட்டை எடுத்துரைத்தவர் எந்த முற்போக்கு இயக்கத்தவரும் அல்லர். 2023 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், திருச்சபையின் போதனையை மாற்றாமலே, தன்பாலீர்ப்பு குற்றமன்று என்றும் அதனைக் குற்றமாக்கும் சட்டங்கள் நியாயமற்றவை என்றும் கூறினார். உரோமை வரைந்த அந்தக் கோட்டைக் கொழும்பிலும் வரைய முடியும்.

சிங்களத் தலைவரையும் பேராயரையும் குறைகூறி முடித்துவிடுவது தமிழ்த் தலையங்கத்துக்கு வசதியான காரியம். ஆனால் 16ஆம் உறுப்புரையின் நிழலில் ஒதுங்கியிருக்கும் சட்டங்களில் சில தமிழ் பேசும் சமூகங்களுக்கே உரியவை. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமை 1707இல் ஒல்லாந்தரால் எழுத்துருப் பெற்ற வழமைத் தொகுப்பு. அதன் தொடர்ச்சியாக வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நாட்டின் ஏனையோருக்குரிய 18 வயது வரம்புக்கு வெளியே நிற்கிறது. அதனை மாற்றக் கோரும் முஸ்லிம் பெண்களுக்கு ஆண்டாண்டாகக் கிடைத்துவருவன குழுக்களும் அறிக்கைகளுமே. வெள்ளவத்தை மண்டபங்களில் தமிழ்ப் பண்பாடு பற்றி முழங்குவோர் இவற்றைப் பற்றி வாய்திறப்பது அரிது.

365அ நீங்கினால் சிறுவருக்குப் பாதுகாப்பிராது என்ற அச்சம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. அது பெற்றோரின் உண்மையான அச்சம், ஏளனம் செய்யத்தக்கதன்று. ஆனால் அதற்கு விடை சட்டப்புத்தகத்திலேயே உண்டு: பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தைத் தண்டிக்கும் 365ஆ பிரிவு, பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று பாராமல் செயற்படுகிறது; மனமொத்த வயதுவந்தோரை விடுவிப்பதால் அப்பிரிவில் ஓர் எழுத்தும் குறையாது.

அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த 365, 365அ பிரிவுகளைத் திருத்த முன்வைத்த தனிநபர் சட்டமூலத்துக்கு எதிரான மனுக்களை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மேயில் தீர்மானித்தது. அதாவது, சாதாரணப் பெரும்பான்மையே போதும். 2016இலேயே, 365அ பிரிவின் கீழான மேன்முறையீடொன்றில், மனமொத்த வயதுவந்தோரின் உறவில் அரசு தலையிடலாகாது என்ற சமகாலச் சிந்தனையைக் குறிப்பிட்டு, சிறைத்தண்டனைக்குப் பதிலாக ஒத்திவைத்த தண்டனை விதித்ததும் அதே நீதிமன்றமே. அது தன்னால் இயன்ற எல்லை வரை வந்துவிட்டது. பாராளுமன்றமோ அச்சட்டமூலத்தை விவாதிக்காமலே 2024 செப்டெம்பரில் கலைந்தது. அதன்பின் வந்த சபையில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனங்கள் உள்ளன; 365, 365அ பிரிவுகளைத் திருத்தச் சபையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான கைகள் போதும், 16ஆம் உறுப்புரையையே நீக்கத் தேவைப்படும் மூன்றில் இரண்டும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கும். ஆகவே அரசாங்கம் முதலில் அச்சட்டமூலத்தைத் தனிநபர் முயற்சியாக விடாமல் தன் சொந்தச் சட்டமூலமாகக் கொண்டுவர வேண்டும். 16ஆம் உறுப்புரையைப் புதிய அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்க வைக்காமல் தனித் திருத்தமாக எடுக்க வேண்டும். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வாக்காளரும், வடக்கு கிழக்கின் வாக்காளரும், தம் பிரதிநிதிகள் அவ்விரு வாக்கெடுப்புகளிலும் எப்பக்கம் நிற்பார்கள் என்பதை அடுத்த தேர்தல் மேடைக்கு முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறலாம்.