பொருள் கைக்கு வரட்டும்!

இணையத்தில் பொருள் வாங்கி ஏமாந்தவரைப் "பேராசை பெருநஷ்டம்" என்று பழிக்கிறோம். மாணவர்களை வீழ்த்துவது பேராசையைவிட அவசரமே என்பது என் கருத்து. "கிராஞ்சி எனக்குத் தூரம், இன்னும் இருவர் கேட்கிறார்கள், பேநவ்வில் பணம் அனுப்புங்கள்" என்பார் மடிக்கணினி விற்பவர். பணம் போனதும் ஆளைக் காணோம்.

2024இல் சிங்கப்பூரில் பதிவான மோசடிகளில் இணைய வணிக மோசடிகளே எண்ணிக்கையில் முதலிடம். எல்லா வகை மோசடிகளிலும் மக்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி!

விற்பவரைக் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திற்கே வரச் சொல்வோம். அல்லது நாமே போவோம். இயக்கிப் பார்த்தபின் பணம் கொடுப்போம். சந்திக்கவே மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். சந்தேகம் எழுந்தால் 1799ஐ அழைக்கலாம்.

ஏமாந்த நண்பரை ஏளனம் செய்தால் அவர் வாய் திறக்கமாட்டார். அடுத்தவரும் அதே வலையில் விழுவார்.