பிரம்பை எடுக்க முன்னம் இரத்தத்தைப் பாருங்கள்

வகுப்பில் ஓரிடத்தில் இருக்க மாட்டான். சொன்னது காதில் ஏறாது. தொட்டதற்கெல்லாம் கோபம். இப்படியொரு பிள்ளையைக் கண்டால் எங்கட சமூகத்திடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும்: வளர்ப்புச் சரியில்லை, போன் கெடுத்துப்போட்டுது, நாலு அடி போட்டால் திருந்தும். அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

விழுந்த பாற்பல்லை நாங்கள் கூரையில் எறிகிறோம். அமெரிக்க மருத்துவர் ஹேர்பேர்ட் நீடில்மன் அதைச் சேகரித்தார். பொஸ்டன் பக்கத்துப் பிள்ளைகளின் பற்களில் இருந்த ஈயத்தை அளந்து, 1979இல் முடிவை வெளியிட்டார். பார்வைக்குச் சுகமாக இருந்த பிள்ளைகள்தான். ஆனால் ஈயம் கூடியவர்களுக்கு நுண்ணறிவுப் புள்ளி குறைந்திருந்தது. யாருக்கு எவ்வளவு ஈயம் என்று தெரியாமலே, அவர்களுக்குக் கவனம் சிதறுகிறது, சொன்னபடி செய்ய முடியவில்லை என்று ஆசிரியர்கள் குறித்திருந்தார்கள். எங்கட தேர்ச்சி அறிக்கைகளில் வருகிற அதே வசனங்கள்! பிறகு, ஈயத் தொழிற்துறைக்காகச் சாட்சி சொன்னவர்கள் அவர்மீது ஆய்வு மோசடிக் குற்றம் சாட்டினார்கள். விசாரணையில் அது நிற்கவில்லை.

ஈயம் உடம்புக்குள் கல்சியம் மாதிரி வேஷம் போடும். வளரும் மூளைக்குள் போய் நரம்புக் கலங்களின் தொடர்பைக் குழப்பும். வளர்ந்தவர் விழுங்கும் ஈயத்தில் பத்திலொரு பங்களவே உடலில் சேரும். சிறுபிள்ளையில் பாதி வரை சேரும். இரும்பும் கல்சியமும் குறைந்த பிள்ளையில் இன்னும் கூடும். அதாவது, சாப்பாடு குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இரட்டை அடி. பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. பெயின்றில் ஈயத்துக்கு வரம்பு 2011இல் வர்த்தமானியில் வந்தது. நல்லது. ஆனால் அதற்கு முன்னர் பூசிய கதவும் யன்னலும் மேசையும் அப்படியே உரிந்துகொண்டிருக்கின்றன. வலைக்குக் கட்டுகிற ஈயத்தை அடுப்படியில் உருக்குகிறவர்களும், பழைய பற்றரியை முற்றத்தில் உடைக்கிறவர்களும் பிழைப்புக்காகச் செய்கிறார்கள். அந்தத் தூசி உடுப்போடு வீட்டுக்குள் வந்து, தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகிறது.

"அப்ப எல்லாக் குழப்படிக்கும் ஈயமோ?" என்று சிரிப்பீர்கள். இல்லை. பசி, பயம், நித்திரைக் குறைவு, வீட்டுச் சண்டை என்று காரணங்கள் ஆயிரம். ஆனால் தேடிப் பார்க்காத காரணத்தை இல்லையென்று சொல்ல யாருக்கு உரிமை?

நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. ஈயம் புழங்கும் இடங்களுக்குக் கிட்டவுள்ள பிள்ளைகளுக்கு அரச செலவில் இரத்தப் பரிசோதனை. பாடசாலைச் சுவரின் பழைய பெயின்றைப் பிள்ளைகள் இருக்கும்போது சுரண்டாதீர்கள். ஈயம் உருக்குகிறவர்களுக்கு வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான இடம் கொடுங்கள்.

மூளையில் ஏறிய நஞ்சு அடித்து இறங்காது. நஞ்சை விட்டவர்களைக் கேள்வி கேட்காமல், குடித்த பிள்ளையைத் தண்டிப்பது ஒழுக்கம் இல்லை. அநியாயம்.