பதினான்கு புள்ளி வாதம்

மே 2025இல் வெம்பிளியில், இங்கிலாந்தின் இரண்டாம் நிலைக் கால்பந்து லீக்கான சாம்பியன்ஷிப்பின் பிளே-ஆஃப் இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட் தோற்றதும் ஒரு வாதம் வலுத்தது. 90 புள்ளி எடுத்த அணி வெளியே, 76 புள்ளி எடுத்த சண்டர்லேண்ட் பிரீமியர் லீக்கில்; மூன்றாமிடத்திலும் அதற்குக் கீழும் வந்த சில அணிகள் கடைசி ஒரு இடத்துக்காக மோதும் இந்தப் பிளே-ஆஃப் முறையையே ஒழிக்க வேண்டும் என்பது அது.

ஒழித்துப் பார்க்கலாம். முதல் மூன்று அணிகளுக்கே பிரீமியர் லீக்கில் இடம் என்ற பழைய விதி இருந்திருந்தால், ஏப்ரல் 21 அன்றே எல்லாம் முடிந்திருக்கும். லீட்ஸும் பர்ன்லியும் அன்று தேறிவிட்டன. இரண்டு ஆட்டம் மீதமிருக்க, ஷெஃபீல்டு பத்துப் புள்ளி முன்னால். ஆனால் உண்மையில் நடந்தது என்ன? கடைசி நாள்வரை பிளே-ஆஃப் இடத்துக்காகக் கவென்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி, பிளாக்பர்ன், மில்வால் ரசிகர்கள் அடுத்த மைதானத்து ஸ்கோரையும் பார்த்துப் பார்த்துத் தவித்தார்கள். அவர்களுடைய நம்பிக்கைக்குக் கணக்கில் இடமே இல்லையா?

ஷெஃபீல்டு ரசிகரின் வலி பெரிது. அதுவரை ஒன்பது முறை பிளே-ஆஃப் ஆடி ஒருமுறைகூட வென்றதில்லை அந்த அணி. அன்றும் 1-0 என முன்னிலை. ஹாரிசன் பரோஸ் அடித்த அடுத்த கோலை விஏஆர் (வீடியோ உதவி நடுவர்) ரத்து செய்தது. 95ஆவது நிமிடத்தில் டாமி வாட்சன் ஆட்டத்தைப் பறித்தார். லீக் ஆட்டங்களில் இல்லாத விஏஆர் இறுதிக்கு மட்டும் ஏன் வந்தது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.

புள்ளி வித்தியாசம் அப்படியல்ல. மூன்றாமிடத்துக்கு உறுதி கிடையாது என்ற விதி 1987 முதல் எல்லோருக்கும் தெரியும். சண்டர்லேண்ட் அதன்படிதான் ஆடி வென்றது.