அலுவலகத் தாளும் அச்சுக் கோக்கும் கணிப்பொறியும்

தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578இல். சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 1978இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத் 'டெக்' என்னும் மென்பொருளின் முதல் வடிவத்தைத் தந்தார். தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புத் தாள்களின் அழகு பொறுக்காமல் பேராசிரியர் தாமே அச்சுக் கோக்கப் புறப்பட்டுவிட்டார்! 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் 'லேடெக்'கைக் கட்டினார். இரண்டும் இலவசம்.

கணிதக் கட்டுரை எழுதும் கருவி என்றே நாம் இதை அறிவோம். அலுவலகத் தாள்களுக்கும் இது வேண்டும் என்பது என் கட்சி.

நான் பள்ளியில் படித்தபோது தந்த சான்றிதழ் ஒன்றில் என் தலைப்பெழுத்து மாறி விழுந்திருந்தது. அதைத் திருத்தி வாங்க என் தாயார் மூன்று நாள் கூலியை விட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எந்த மேசையில், யாரிடம், எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லை.

இத்தகைய பிழை ஏன் வருகிறது? ஒரே பெயரைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் மறுபடி மறுபடி கையால் பெயர்த்தெழுதுவதால்தான். லேடெக் முறையில் சான்றிதழின் அமைப்பு ஒரு கோப்பில் இருக்கும். பெயர்கள் தனிப் பட்டியலில் இருக்கும். பட்டியலின் வரிக்கு ஒரு பக்கம். முந்நூறு சான்றிதழானாலும் ஒரே கட்டளை. வரிசை எண்ணும் தானே ஏறும். ஆனால் பட்டியலில் பிழையிருந்தால் சான்றிதழிலும் அதே பிழைதான். ஆகவே அச்சிடுமுன் பட்டியலைப் பலகையில் ஒட்டி, மாணவரிடமே கையெழுத்து வாங்கவேண்டும். இதைச் செய்யாத இயந்திரமயம் வீண்.

"வேர்டிலேயே மெயில் மெர்ஜ் உண்டே" என்பார் நண்பர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு கை தவறிப் பட்டால் முத்திரை ஓரத்துக்கு ஓடிவிடும். லேடெக்கில் ஓரம் இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டால் அங்கேயே நிற்கும். எழுத்துருச் சிக்கல் வேறு. வானவில்லிலோ பாமினியிலோ தட்டிய கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்து பாருங்கள். தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கூத்தாடும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. 2004இல் வந்த 'சீடெக்' யூனிகோடுத் தமிழை நேரடியாகவே கோக்கிறது.

கடிதத் தலைப்பை ஆயிரம் தாளில் முன்கூட்டியே அடித்து வைக்க வேண்டியதில்லை. தொலைபேசி எண் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். இதனால் சிறு அச்சகங்களுக்கு வேலை குறையும் என்பதை மறைக்க மாட்டேன். என் சித்தப்பா அத்தகைய அச்சகத்தில்தான் இருக்கிறார். ரசீதுப் புத்தகத்துக்குத் துளையிடுவதும் தைப்பதும் மென்பொருளால் ஆகாது. அந்த வேலை அவரிடமே இருக்கும். தலைப்புத் தாள் வேலையோ போய்விடும். அதற்கு ஈடாக, லேடெக்கை முதலில் கற்கவேண்டியவர்கள் அச்சகத்தாரே என்பேன். அச்சுக் கோப்பின் அளவும் அழகும் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் கல்லூரியில் போனஃபைடு சான்றிதழிலிருந்து தொடங்கலாம். கணிப்பொறி அறிவியல் மாணவர் இருவர் ஒரு விடுமுறையில் முடித்துவிடுவர். மாற்றுச் சான்றிதழ் பிறகு வரட்டும். பட்டியலை ஒட்ட நூலக வாயிலில் உள்ள பலகையே போதும்.